பள்ளிக்கூட வாசலுக்கு முன் மூன்று கேள்விகள்

(நம் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி நடைபெற்ற குடும்பக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கல்வியைப் பற்றிப் பேச ஒரு மளிகை வியாபாரியை ஏன் மேடையேற்றினார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் ஆசிரியன் அல்ல. பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்த கையோடு அத்தாவின் கடையில் உட்கார்ந்தவன். மிளகு, சீரகம், பருப்பு வகைகளை இறக்குமதி செய்து விற்பது என் பிழைப்பு. ஆனால் லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் குடும்பம் முதலில் எங்களிடம்தான் வரும். இட்லி அரிசி எங்கே கிடைக்கும், ஹலால் கோழி எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்பார்கள். மூன்றாவது கேள்வி, “பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் பாய்?” இந்தக் கேள்விக்குப் பதில் தேடித் தேடியே நான் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். செயலாளர் அதைக் கேள்விப்பட்டு, “அதையே வந்து பேசுங்கள் தம்பி” என்று கட்டளையிட்டுவிட்டார்.

நம் சங்கக் குடும்பங்களை இன்று மூன்று வகையாகப் பார்க்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்த குடியுரிமைக் குடும்பங்கள் ஒரு வகை. வேலை அனுமதியில் தமிழ்நாட்டிலிருந்து வந்து, இரண்டு ஆண்டுகளா இருபது ஆண்டுகளா என்று தெரியாமல் இருப்பவர்கள் இரண்டாவது வகை. மூன்றாவது, நம் வீட்டுப் பிள்ளைகளே வேலைக்காக துபாய்க்கும் மெல்பர்னுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள். மூவரும் வேறு வேறு வார்த்தைகளில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்.

வியாபாரத்தில் அத்தா சொல்லிக்கொடுத்த முதல் பாடம், சரக்கை வாங்கும்முன் அதை எந்தச் சந்தையில் இறக்கப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும் என்பது. பிள்ளைகள் சரக்கு அல்லர், அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். அப்படியிருக்க, சரக்குக்குக் காட்டும் முன்யோசனையையாவது அமானிதத்துக்குக் காட்ட வேண்டாமா? பெரும்பாலோர் பள்ளியின் முன்வாசலைப் பார்க்கிறோம். கட்டடம், நீச்சல் குளம், பேருந்து வசதி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பெயர். பிள்ளை எந்த வாசல் வழியாக வெளியே போகப் போகிறது என்று பார்ப்பது குறைவு.

ஆகவே என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பி மூன்று கேள்விகள் கேட்கிறேன். ஒன்று, இந்த ஊரில் எத்தனை ஆண்டுகள் இருப்பதாக உத்தேசம்? இரண்டு, பதினெட்டு வயதில் பிள்ளை எந்த நாட்டுக் கல்லூரி வாசலில் நிற்கப் போகிறது? மூன்று, நீங்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி எந்த மொழியைத் தராது, அதை யார் தரப்போகிறார்கள்?

முதலில் சிங்கப்பூர் அரசுப் பள்ளிகள். இங்கே ஆங்கிலம் பயிற்றுமொழி, அதோடு ஒரு தாய்மொழிப் பாடம். உலகத்தில் பல ஊர்களில் பெரும்பணம் கட்டித் தேடும் இருமொழிக் கல்வி இங்கே அக்கம்பக்கப் பள்ளியிலேயே இருக்கிறது. குடியுரிமை உள்ள பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளியில் பள்ளிக் கட்டணம் இல்லை. இதரக் கட்டணமாக மாதம் அதிகபட்சம் 13 வெள்ளி. நிரந்தரவாசிக்குக் கட்டணம் கூடும், வெளிநாட்டு மாணவருக்கு இன்னும் கூடும். வெளிநாட்டவரிலும் ஆசியான் நாட்டவருக்கு ஒரு கட்டணம், மற்ற நாட்டவருக்கு அதைவிட அதிகக் கட்டணம். ஆகவே ஜொகூரிலிருந்து வந்த குடும்பமும் திருச்சியிலிருந்து வந்த குடும்பமும் ஒரே தொகை கட்டுவதில்லை.

குடியுரிமைக் குடும்பங்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டம் 2003 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. சிங்கப்பூரில் வாழும் குடியுரிமைப் பிள்ளை தொடக்கப்பள்ளியைத் தேசியப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். குறிப்பிட்ட முழுநேர மதரசாக்களுக்கு விலக்கு உண்டு. அனைத்துலகப் பள்ளியில் சேர்ப்பதென்றால் கல்வி அமைச்சின் அனுமதி தேவை. “பணம் இருக்கிறது, சேர்க்கிறேன்” என்பது குடியுரிமைப் பிள்ளைக்குப் பொருந்தாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு கணக்கு. தொடக்கநிலை ஒன்றில் குடியுரிமைப் பிள்ளைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இடம் கொடுத்தபிறகே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இடம். அதற்கும் உறுதி கிடையாது. நடுவகுப்புகளில் சேர வேண்டுமென்றால் ஏ.இ.ஐ.எஸ் என்ற நுழைவுத் தேர்வு. ஆங்கிலமும் கணிதமும் சோதிப்பார்கள். தொடக்கநிலை 2 முதல் 5 வரை, உயர்நிலை 1 முதல் 3 வரைதான் இந்த வழி. தொடக்கநிலை 6க்கும் உயர்நிலை 4க்கும் கிடையாது. தேறினாலும் எந்தப் பள்ளி என்பதை நாம் சொல்ல முடியாது. காலியிடம் இருக்கும் பள்ளிதான் கிடைக்கும்.

என் வாடிக்கையாளர் ஒருவர், தகவல் தொழில்நுட்பத்தில் வேலை பார்ப்பவர், மகள் ஆறாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் வந்தார். “ஆறு மாதம் கழித்துத் தேர்வு எழுதட்டும், அதுவரை வீட்டில் தயார் செய்யலாம்” என்றார். அதுவரை பிள்ளை பள்ளியே இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்குமே என்றேன். முதலில் சி.பி.எஸ்.இ பாடத்திட்டமுள்ள ஒரு அனைத்துலகப் பள்ளியில் சேர்த்துவிட்டு, அங்கிருந்தபடியே தேர்வு எழுதச் சொன்னேன். அப்படியே செய்தார். அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தபோது, “மூன்று ஆண்டில் ஊருக்குத் திரும்பிவிடுவோம் பாய், இதிலேயே இருக்கட்டும்” என்று அவரே முடிவு செய்தார். அவருடைய முதல் கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது.

ஆண்டு தொடங்கும் மாதத்தையும் கவனியுங்கள். சிங்கப்பூர் அரசுப் பள்ளி ஜனவரியில் தொடங்கும். சி.பி.எஸ்.இ ஏப்ரலில். பிரிட்டிஷ் முறை, ஐ.பி பள்ளிகள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில். தமிழ்நாட்டில் ஜூன் மாதம். இங்கே ஏழு வயதாகும் ஆண்டில்தான் தொடக்கநிலை 1. அதனால் ஊரில் இரண்டாம் வகுப்பு படித்த பிள்ளை இங்கே மறுபடி ஒன்றில் உட்கார நேரிடும். அது தோல்வி அல்ல, வயதுக் கணக்கு. பிள்ளையிடம் முன்கூட்டியே அப்படிச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி, பதினெட்டு வயது வாசல். மகளை இந்தியாவில் மருத்துவம் படிக்க வைக்கப் போகிறீர்களா? அங்கே நீட் தேர்வு இல்லாமல் இடமில்லை. அந்தத் தேர்வு இந்தியப் பள்ளிப் பாடங்களை ஒட்டியது. ஏ லெவலிலோ ஐ.பி.யிலோ சிறப்பாகச் செய்த பிள்ளையும் அதற்கெனத் தனியாக உழைக்கத்தான் வேண்டும். இங்கேயே பல்கலைக்கழகமோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ என்றால் அரசுப் பள்ளிப் பாதை நேரானது. 2027ஆம் ஆண்டு முதல் என் லெவல், ஓ லெவல் என்ற பிரிவுகள் போய் எஸ்.இ.சி என்ற ஒரே உயர்நிலைச் சான்றிதழ் வருகிறது. பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று தரம் மாறலாம். நம் காலத்து அளவுகோலை வைத்துப் பிள்ளையை அளக்காதீர்கள். பிரிட்டனோ ஆஸ்திரேலியாவோ என்றால், அல்லது எந்த நாடு என்று தெரியாமல் நாடு நாடாக மாறும் வேலை என்றால், கேம்பிரிட்ஜ், ஐ.பி போன்ற பாடத்திட்டங்களுக்குப் பொருள் உண்டு. ஓர் ஊரில் விட்ட இடத்தில் இன்னோர் ஊரில் தொடரலாம். அந்த வசதிக்குத்தான் அந்த விலை. இதே ஊரில் இருபது ஆண்டு இருக்கப்போகிறவர் அந்த விலையைக் கொடுக்கும்முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

இங்கிருந்து வெளியே போகும் நம் பிள்ளைகளுக்கும் சில வார்த்தைகள். போகும்முன் பள்ளியிடம் பேசுங்கள். குடியுரிமைப் பிள்ளையின் இடத்தை விடுப்பு அடிப்படையில் தக்கவைக்க வழி உண்டு. கட்டணம் தொடர்ந்து கட்ட வேண்டும். 13 வயதைக் கடந்த ஆண்பிள்ளைகள் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதென்றால் தேசிய சேவைக்கான வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். இதை விமான நிலையத்தில் நினைத்துப் பயனில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் பள்ளியிலும் அரபு மொழிப் பாடம் உண்டு, முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வியும் உண்டு. நம் பிள்ளைக்கு அது பாக்கியம். ஆனால் அதே நேரத்தில் தமிழ்ப் பாடம் கால அட்டவணையிலிருந்து காணாமல் போகும். நான்கு ஆண்டு கழித்துத் திரும்பும்போது என்ன செய்வது?

இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது. நான் இன்று மேடையேறியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

பி.எஸ்.எல்.இ தேர்வில் நான்கு பாடங்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி. நான்குக்கும் சம எடை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஏ.எல் 1 முதல் 8 வரை தரநிலை. ஒன்று சிறப்பு, எட்டு கடைசி. நான்கையும் கூட்டினால் மிகச் சிறந்த மதிப்பெண் 4. வெளிநாட்டில் வளர்ந்து தாமதமாக வந்து சேரும் பிள்ளைக்குத் தாய்மொழி விலக்குக் கேட்கலாம். பலர் அதைச் சலுகை என்று நினைக்கிறார்கள். ஆனால் விலக்குப் பெற்ற பிள்ளைக்குத் தாய்மொழி இடத்தில் ஏ.எல் 6 முதல் 8க்குள் ஒரு மதிப்பெண்தான் கொடுக்கப்படும். மற்ற மூன்றிலும் ஒன்று வாங்கிய பிள்ளைக்கும் அந்த நான்காவது இடத்தில் ஆறுக்கு மேல் கிடைக்காது. சுமாராகத் தமிழ் படித்து நான்கோ ஐந்தோ வாங்குகிற பிள்ளை அந்த இடத்தில் அவனை முந்திவிடுவான். கணக்குத் தெரிந்த வியாபாரி யாரும் இந்தப் பேரத்துக்குச் சட்டென்று ஒத்துக்கொள்ள மாட்டான்.

இது மதிப்பெண் கணக்கு. இன்னொரு கணக்கும் உண்டு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 2.5 விழுக்காடு. அதற்கு முந்தைய 2010 கணக்கெடுப்பில் அது மூன்று விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. பள்ளியில் தமிழ் ஆசிரியர் இருக்கிறார், பாடநூல் இருக்கிறது, தேர்வு இருக்கிறது. இருந்தும் வீட்டில் குறைகிறது. ஆகவே பள்ளியைக் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது.

நம் சமூகத்துக்கு இதில் தனிப் பங்கும் தனிப் பெருமையும் உண்டு. தஞ்சோங் பகாரில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை 1946இல் தொடங்கியது சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் சிறுகடை வைத்திருந்தவர்களும் வாழ்ந்த வட்டாரம் அது. பிறகு அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. ஆங்கிலப் பள்ளிகளை நோக்கிப் பெற்றோர் நகர்ந்தபோது மாணவர் குறைந்து, 1982இல் மூடப்பட்டது. அந்தப் பெற்றோரைக் குற்றம் சொல்ல முடியாது. வேலை ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் பெயர் அழியவில்லை. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் வந்து தமிழ் படிக்கும் கல்வி அமைச்சின் நிலையத்துக்கு உமறுப் புலவர் பெயர்தான் இருக்கிறது. “என் பிள்ளையின் பள்ளியில் தமிழ் இல்லையே” என்று சொல்கிற பெற்றோர், முதலில் அந்த நிலையத்தைப் பற்றிப் பள்ளியிடம் கேளுங்கள்.

மலேசியாவில் உள்ள நம் உறவுகளுக்கு நிலைமை வேறு. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து வளர்ந்து, இன்று அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. தமிழையே பயிற்றுமொழியாகக் கொண்டு ஆறு ஆண்டுகள் படிக்கலாம். அந்த வாய்ப்பு கையருகே இருக்கும்போது அதன் மதிப்பு தெரிவதில்லை.

நம்மில் ஒரு பகுதியினர் பிள்ளைக்குத் தமிழுக்குப் பதில் மலாயைத் தாய்மொழிப் பாடமாக எடுத்திருக்கிறார்கள். மதரசாவிலும் பல பள்ளிவாசல் வகுப்புகளிலும் மலாய் பயன்படுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். மலாய் இந்த நாட்டின் தேசிய மொழி, நம் மார்க்கச் சகோதரர்களின் மொழி. அதைக் கற்பது நல்லது. அந்தக் குடும்பங்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களிடமும் அதே மூன்றாவது கேள்வியைத்தான் கேட்கிறேன். பள்ளி மலாயைத் தருகிறது, தமிழை யார் தருவார்? பென்கூலன் பள்ளிவாசலிலும் சூலியா பள்ளிவாசலிலும் தமிழில் ஜும்ஆ பிரசங்கம் நடக்கிறது. மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கிறோம். அவனுக்குப் புரிகிறதா என்று வெளியே வந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. சென்னையிலிருந்து வரும் பிள்ளைகளில் சிலர் அங்கே இரண்டாம் மொழியாக இந்தியோ பிரெஞ்சோ படித்துவிட்டு வருகிறார்கள். வாய் நிறையத் தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாது. இங்கே பிறந்த பிள்ளை எழுத்துக் கூட்டும், பேசத் தயங்கும். இந்த இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்தால் ஒருவருக்கொருவர் ஆசிரியராகிவிடுவார்கள். அந்த வேலையைச் செய்ய நம் சங்கத்தைவிடப் பொருத்தமான இடம் எது?

அனைத்துலகப் பள்ளி என்றாலே தமிழ் போய்விடும் என்றும் இல்லை. சி.பி.எஸ்.இ.யில் தமிழ் ஒரு தேர்வுப் பாடம். பள்ளி அதை நடத்துகிறதா என்பதுதான் கேள்வி. ஐ.பி டிப்ளோமாவில் பள்ளியில் ஆசிரியர் இல்லாத தாய்மொழி இலக்கியத்தை, பள்ளியின் துணையோடு மாணவர் தாமே படிக்கும் ஏற்பாடு இருக்கிறது. இரண்டு மொழிகளை முதன்மை மொழி நிலையில் முடித்தால் இருமொழி டிப்ளோமாவே தருகிறார்கள். மெல்பர்ன் போகும் குடும்பங்களுக்கு ஒரு நற்செய்தி. விக்டோரியா மாநிலத்தில் பள்ளி இறுதித் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எழுதலாம். பல்கலைக்கழக நுழைவு மதிப்பெண்ணில் அது சேரும். ஆகவே சேர்க்கை அலுவலகத்தில் உட்காரும்போது நீச்சல் குளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், “தமிழ் எந்த வகுப்புவரை இருக்கிறது? ஆசிரியர் நிரந்தரமானவரா? எத்தனை பேர் சேர்ந்தால் வகுப்பு நடத்துவீர்கள்?” என்று கேளுங்கள். ஐந்து குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

இனி வீட்டுக்கு வருவோம். பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். என் கடைக்கு வரும் ஓர் அம்மா, சாமான் சிட்டையை மகளைக்கொண்டு தமிழில் எழுத வைத்துக் கொடுத்தனுப்புகிறார். முதல் மாதம் ‘மிலகு’ என்று எழுதியிருந்தாள். நான் மிளகுப் பொட்டலத்தின்மேல் ‘மிளகு’ என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் மிளகு சரியாக வந்தது, ‘வெந்தயம்’ தவறாக வந்தது. இப்போது கருஞ்சீரகம், கசகசா வரை பிழையில்லாமல் எழுதுகிறாள். அவளுக்கு வயது ஒன்பது. துணைப்பாட வகுப்புக்கு ஒரு காசு செலவில்லை. ஊரிலிருக்கும் பாட்டிக்கு வாரம் ஒரு குரல்பதிவு தமிழில் அனுப்பச் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. அந்தப் பாட்டிக்கு அதைவிட நல்ல பரிசும் இல்லை.

இறுதியாக, சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்களைப் பணிவோடு வைக்கிறேன்.

முதலாவது, பள்ளி வழிகாட்டிக் குழு. அரசுப் பள்ளி, மதரசா, இந்தியப் பாடத்திட்டம், கேம்பிரிட்ஜ் அல்லது ஐ.பி, வெளிநாடு சென்று திரும்பியவர்கள் என ஒவ்வொரு வழியிலும் பிள்ளையைப் படிக்க வைத்த ஒரு குடும்பம் தங்கள் தொலைபேசி எண்ணைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்தால் போதும். புதிதாக வருகிறவர் என் கடையில் கேட்பதைவிட அவர்களிடம் கேட்பது நல்லது.

இரண்டாவது, சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் தமிழ் வாசிப்பு. நமக்கு மாலை 5 மணி என்றால் துபாயில் பகல் 1 மணி, மெல்பர்னில் இரவு 7 அல்லது 8 மணி. மண்டபத்தில் இருக்கும் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கும் நம் பேரப்பிள்ளைகளும் திரை வழியே சேர்ந்து வாசிக்கலாம். பாடம் நடத்த ஆசிரியர் வேண்டாம். உடன் அமர்ந்து கேட்க நம் பெரியவர்கள் நான்கு பேர் போதும்.

மூன்றாவது, ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகையும் பரிசும் கொடுக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ். அதில் தாய்மொழியாகத் தமிழ் எடுத்த பிள்ளைக்கு ஒரு பரிசும், பள்ளியில் தமிழ் இல்லாமலே வெளியே தமிழ் கற்ற பிள்ளைக்கு இன்னொரு பரிசும் சேருங்கள். இரண்டாவது பரிசின் முதல் ஆண்டுச் செலவை என் கடை ஏற்றுக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் இந்தச் சங்கத்தின் முதல் கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதினார்கள். அவர்கள் எழுதியதை இன்று நாம் படிக்கிறோம். இந்த மலரும் தமிழில்தான் வெளிவருகிறது. இதை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைக்கும்முன், ஒரு பக்கத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நிறுத்துகிறானோ, அங்கிருந்து தொடங்குவோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. ஆமீன்.